சுவருக்கு அந்தப் பக்கம்

ஆம்பூரில் அண்ணன் தம்பி இருவரின் தோல் கம்பெனிகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ரெனால்ட் வைத்திருந்தது ஒரே மெயில் சர்வர். ஒருவருக்கொருவர் அனுப்பும் மெயில் அதற்குள்ளேயே பட்டுவாடா ஆகிவிடும். 2004இல் பாகம் பிரித்து நடுவே சுவர் எழுப்பினார்கள். கழிவுத்தொட்டி மட்டும் பொது. பாழாய்ப்போன வீம்பில் பேச்சு நின்றது, எல்லாம் மெயில்தான். தம்பி வேறு சர்வருக்கு மாறினார். பழைய சர்வரிலிருந்து அவர் கம்பெனிப் பெயரை எடுக்க ரெனால்டுக்குத் தோன்றவில்லை.

தொட்டியில் விஷவாயு, யாரையும் இறக்காதீர்கள் என்று அண்ணனின் சூப்பர்வைசர் அந்த வாரமே தம்பிக்கு மெயில் அனுப்பினார். தம்பி கம்பெனி இன்னும் தன்னிடமே இருப்பதாக எண்ணிய பழைய சர்வர் அதை வெளியே விடாமல், யாரும் திறக்காத அவருடைய பழைய மெயில் பெட்டியில் போட்டுக்கொண்டது. மறுநாள் தம்பியின் ஆள் பஞ்சாட்சரம் தொட்டியில் இறங்கினார். பிணமாகத்தான் தூக்கினார்கள்.

அவர் மனைவி சுந்தரியிடம் ரெனால்ட் சர்வர் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தான்.

"அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு சார்? செவுத்தாண்ட நின்னு ஒரு கொரல் குடுக்க ஒருத்தனுக்கும் வாய் இல்லியா?"