மூன்றாவது ஆல்பத்தின் ட்ரம்ஸ்

பெங்களூரில் தனியாகப் பாட்டெழுதி, தனியாகப் பதிவுசெய்து, இணையத்தில் ஏற்றுகிறவர்களின் ஆல்பங்களுக்கு ஒரு சின்ன இணையப் பத்திரிகையில் நான் விமர்சனம் எழுதுகிறேன். பிழைப்பு அது அல்ல. பிழைப்பு எலக்ட்ரானிக் சிட்டியில், யாரும் படிக்காத மென்பொருள் கையேடுகளை எழுதுவது. விமர்சனத்தையும் அதிகம் பேர் படிப்பதில்லை. என் வாசகர்கள் அத்தனை பேரையும் ஒரு சிட்டி பஸ்ஸில் ஏற்றிவிடலாம், எல்லோருக்கும் உட்கார இடம் இருக்கும். அந்த பஸ்ஸுக்குள் எனக்கு இருந்த மரியாதையைக் காப்பாற்றத்தான் ஒரு மனிதரைக் கெடுத்தேன்.

அவர் ஹெப்பகோடியில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். என்னைப் போலவே கோலார் தங்கவயல் குடும்பம். இருவரும் அங்கிருந்து பெங்களூர் வரும் காலை ரயிலில் சீசன் டிக்கெட்காரர்கள். என்னைவிடச் சின்னவர், அக்கா என்பார். அவர் போடுவது பவர் பாப்: கிடார் உரக்க, மெட்டு இனிப்பாக, மூன்று நிமிடத்துக்குள் பாட்டு முடிந்துவிட வேண்டும். தமிழில் அதைச் செய்ய எனக்குத் தெரிந்து வேறு ஆள் இல்லை.

முதல் ஆல்பத்துக்கு நான் எழுதினேன்: இனிப்பு அதிகம். அவர் ஒரு வருஷம் உட்கார்ந்து இனிப்பைக் குறைத்தார். இரண்டாவதற்கு இன்னொருவர் எழுதினார்: உப்புச்சப்பில்லை. ஊர்க்காரரைத் தூக்கிவிடுகிறேன் என்று பேச்சு வருமோ என்று நான் வாயைத் திறக்கவில்லை. மற்ற பாட்டுக்காரர்கள் எங்களை நாலு திட்டு திட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் விமர்சனத்தை டாக்டர் சீட்டைப் போலப் படித்து, அதன்படி நடப்பார். எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது ஆல்பம் பாதி வேலையில் இருந்தபோது எனக்கு ஒரு லிங்க் அனுப்பினார். "அக்கா, இது இன்னும் வேகல. ட்ரம்ஸ் கம்ப்யூட்டர்ல தட்டினது, அத்த மாத்தப் போறேன். மெட்டு எப்டி கீதுன்னு மட்டும் சொல்லுங்கோ." ரயிலில் சிக்னல் வராது என்று பாட்டுகளைப் போனில் இறக்கிக்கொண்டேன். மெட்டு நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். அதன்பிறகு ஏழெட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சர்ச்சில் ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பரை ஒரு காலி ஷெட்டுக்கு அழைத்துப்போய், ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாக வாசிக்கவைத்துப் பதிவுசெய்தார். முடிந்ததும் இரண்டாவது லிங்க் வந்தது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆல்பம் வெளியாகும் காலையிலேயே விமர்சனமும் வந்துவிட வேண்டும், மதியம் வந்தால் ஆறின கஞ்சி. அதனால் முன்கூட்டி அனுப்பும் லிங்கைக் கேட்டுத்தான் எழுதுவோம். வெளியானதை யாரும் மறுபடி கேட்பதில்லை. இரண்டாவது லிங்கைத் திறந்தேன். அதே பத்துப் பாட்டு, அதே வரிசை. இதுதான் போனில் இருக்கிறதே என்று மூடிவிட்டேன். அவர் ட்ரம்ஸை மாற்றப்போவதாகச் சொன்னது சுத்தமாக மறந்துபோயிருந்தது. ரயிலில் பழையதைக் கேட்டே எழுதினேன். ட்ரம்ஸ் தகர டப்பா என்று எழுதினேன். மெட்டுப் போடத் தெரிந்தவருக்குக் காது கேட்கவில்லையா என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரி விழுந்தபோது எனக்கு என் மேலேயே ஒரு பிரியம் வந்தது.

ஆல்பம் வந்த அன்று மதியத்துக்குள் இன்னும் இருவர் எழுதினார்கள். இருவர் விமர்சனத்திலும் அதே தகரம் இருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இவர்கள் அந்த ஒரு சோற்றையும் என் தட்டிலிருந்து எடுத்திருந்தார்கள்.

சாயங்காலம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, வெளியான ஆல்பத்தை ஏதோ ஞாபகத்தில் தட்டிவிட்டேன். முதல் பாட்டு தொடங்கியதுமே ட்ரம்ஸ் நெஞ்சில் வந்து விழுந்தது. இந்த ஊரில் யாரும் அவ்வளவு நல்ல சத்தத்தைப் பதிவுசெய்து நான் கேட்டதில்லை. பத்துப் பாட்டையும் நின்றபடியே கேட்டேன். ஏற வேண்டிய பஸ் இரண்டு போய்விட்டன.

பத்திரிகை ஆசிரியரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆல்பம் போட்டவரே போனில் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை.

"அக்கா, எந்த லிங்க்ல கேட்டீங்கோ? பழசா, புதுசா?"

"புதுசுதான்" என்றேன். வடிகட்டின பொய். யோசிக்காமலே வந்தது.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. அப்போ மெஷின் பக்கத்துல நின்னு நின்னு காது போச்சு போல" என்றார்.

பிரஸ் ஷாப்பில் காது போனவர்களுடன் அவர் தினமும் வேலை செய்கிறவர். ஷிப்ட் முடிந்தால் காதுக்குள் விசில் அடிக்கிறது என்று ஒருமுறை பயந்துபோய் என்னிடம் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். வெட்கக்கேடு, வேறு வார்த்தை இல்லை.

பிறகு ரயிலில் அவரைக் காணவில்லை. ஹெப்பகோடியிலேயே அறை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று தொழிற்சாலை வாசலுக்கே போனேன். டீக்கடையில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினார். காது பரிசோதனை ரிப்போர்ட்.

"டாக்டர் நார்மல்ன்றாரு. பீப் பீப்னு சத்தம் வுடுவாங்கோ, கேட்டா பட்டன் அழுத்தணும். எல்லாம் அழுத்துனேன். ஆனா ட்ரம்ஸ் நல்லா கீதா இல்லியான்னு அந்த மெஷினுக்கு இன்னா தெரியும்? மூணு பேர் ஒரே மாதிரி எழுதுனீங்கோளே."

சொன்னேன். பழையதைக் கேட்டு எழுதினேன், கேட்டபோது பொய் சொன்னேன், உன் ட்ரம்ஸ் அருமையாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "வுடுங்கக்கா. பாவம்னு மாத்தி சொல்றீங்கோ."

"இல்லப்பா, இப்பவே போடு, ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கலாம்."

"எங்க போடறது? நெட்ல இருந்து எடுத்துட்டேன், உங்களுக்கு அனுப்புன லிங்க்கும் போச்சு. வீட்ல இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் அழிச்சிட்டேன்."

அன்றைக்கே பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். ஆசிரியர் உடனே பதில் போட்டார்: கேட்டுப் பார்த்துவிட்டு வெளியிடுகிறேன், ஆல்பத்தை அனுப்பு. என் போனில் இருப்பது அந்தப் பாதி வெந்தது மட்டும்தான். அதைக் கேட்டால் அவர், முதலில் நீ எழுதியதுதானே சரி என்பார்.