எங்கள் சந்தில் பிள்ளைகளே இல்லை

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. அப்போது செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கணவர் லாரி ஓட்டுகிறவர். வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். மூன்று வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், கூடத்துக்கே கூட்டிப்போய் ஒரு மூலையில் சாக்கை விரித்து உட்கார வைத்துவிடுவேன்.

ஒரு நாள் காலை, கையில் அட்டையும் பேனாவுமாக ஒரு பெண் எங்கள் சந்துக்குள் வந்தார். "வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்கா? எத்தன மணிக்கு வேலைக்குப் போவீங்க? அப்ப பிள்ளைய யாரு பாத்துக்கிருவாங்க?" என்று கேட்டார். வேலைக்குப் போகும் பெண்கள் எங்கே அதிகமோ, அங்கே பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மையம் வைக்கப்போகிறார்களாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றி அந்த வாரம்தான் போனில் ஏதேதோ வந்திருந்தது. வீடு எப்போது பூட்டியிருக்கும் என்று இவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? "எங்க வீட்டுல பிள்ளையே இல்ல" என்றேன். அதோடு விட்டேனா? அவர் அடுத்த வாசலுக்குப் போகுமுன் பின்பக்கமாக ஓடி, எல்லாரையும் அப்படியே சொல்ல வைத்தேன். அவர் சந்து முனையைத் தாண்டும்வரை முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில நாளில், ஓடுகிற தறியின் பெல்ட்டில் என் மகளின் பாவாடை சிக்கிவிட்டது. பக்கத்துத் தறியில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் பாய்ந்து சுவிட்சை அணைத்ததால் பிள்ளை பிழைத்தாள்.

மறுநாளே விசாரித்துப் போய், கோரிப்பாளையத்தில் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் பிடித்தேன். "பொய் சொல்லிட்டேன்க்கா" என்றேன்.

"தெரியும்மா. கொடியெல்லாம் குட்டிக் குட்டிச் சட்டையாத்தான் காஞ்சுச்சு. நீங்க சொல்லாம நானா எழுத முடியாதுல்ல?"

அவரைத் திரும்பவும் கூட்டிவந்தேன். இப்போது சந்தே என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. "அன்னைக்கு நீதானடி வேணாம்ன? இதுல உனக்கு என்ன வருது?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். கூடத்தில் நடந்ததைச் சொன்னேன். பிறகுதான் ஒவ்வொருத்தியாக வாய் திறந்தார்கள். பதினான்கு பிள்ளைகள்! அப்படியும் இரண்டு வீட்டுக் கதவு திறக்கவே இல்லை.

அடுத்த தெருவில் மையம் வந்தது. முதல் மாதம் முழுக்க, மகளை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்த பிறகே வேலைக்குப் போவேன். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் போகிறதா?

வாசலில் வந்து நின்ற ஒருத்தியைக் கண்டு அவ்வளவு பயந்த நான், ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் தினமும் பிள்ளையை உட்கார வைக்க ஒரு நாளும் பயப்படவில்லையே என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.