மூன்று நாளாக இழுப்பு

போன செவ்வாய் காலை ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தவர்கள்: காலில் கட்டோடு ஒரு மலாய்க்காரர், கைக்குட்டையால் வாயைப் பொத்திய ஒரு சீனக் கிழவர், இருமும் குழந்தையோடு ஒரு தோட்டத்துப் பெண், என் மனைவி மரகதம், நான். கவுன்ட்டரில் பெயர் எழுதும் கிராணி. ஆக ஏழு பேர். கோர்ட்டில் கேட்டாலும் இதையே சொல்வேன்.

ஆஸ்பத்திரியின் பெயரை இந்தப் பத்தியில் எழுத மாட்டேன். மரகதத்துக்கு மறுபடி மூச்சிழுப்பு வந்தால் அங்கேதானே ஓட வேண்டும்?

மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வீட்டு அடுப்படியில், மிளகாய் வறுக்கும்போது அவளுக்கு இழுப்பு தொடங்கியது. அரை மணி நேரத்தில் ரிக்‌ஷா பிடித்து வந்துவிட்டோம். அவள் தும்மினாலே செருப்பைத் தேடுகிற ஆள் நான்.

கிராணி தலை நிமிராமல் கேட்டார். "எத்தன நாளா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் தெருவில் எல்லாருக்கும் பதில் தெரியும். "மூணு நாளா." அப்படிச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். இப்போதுதான் என்றால் பெஞ்சு... போன முறை நானும் மூன்று நாள் என்றுதான் சொன்னேன். அதற்கு முந்தின முறையும்.

இந்த முறை நாக்கு எழவில்லை. காரணம், ஒரு கட்டுரை.

அங்கே இருக்கும் டாக்டர் மெட்ராஸில் படித்தவர். இழுப்போடு அவசரமாக வருகிறவர்களைப் பற்றி ஆராய்ந்து, ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இங்கிலீஷ் ஓடாது. மருந்துக்கடையில் வேலை செய்யும் எதிர்வீட்டு அர்ஜுனன்தான் கொண்டுவந்து படித்தார். அவர் மலாக்கா செட்டி. கோயிலில் நமக்கு முன்னால் நிற்பார், பேச்சு மட்டும் மலாய். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு ஒரே சொல்லில் முடித்தார். "லம்பாட்."

தாமதமாம். நம் ஆட்கள் மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து, முற்றிய பிறகுதான் தூக்கிவருகிறார்களாம்.

எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த மூன்று நாள் என் வாயிலிருந்தும் போனதல்லவா? நோயாளி அட்டையில் ஏறி, அச்சில் ஏறி, நம் சனத்தின் குணமாகவே ஆகிவிட்டதே.

அதனால் உண்மையைச் சொன்னேன். "அரை மணி நேரமாங்க."

"அரை மணிக்கா இந்த ஓட்டம்? போய் உக்காரு லா."

"மூச்சு விட முடியலங்க அவளுக்கு."

"மெர்டேக்கா வந்து சுதந்திரமாயிட்டா வரிசை வேணாமா? உக்காரு."

உட்கார்ந்தோம். காலில் கட்டுப் போட்டவர் உள்ளே போனார். கிழவர் போனார். மரகதம் முன்னால் குனிந்து பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்தது. தோட்டத்துப் பெண் என்னை முறைத்தாள். "என்னாண்ணே, மூணு நாளுன்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

எழுந்து போய்க் கத்தினேன். மூன்று நாள் என்று.

ஐந்து நிமிடத்தில் ஊசி.

அவளுக்கு மூச்சு திரும்பியதும் டாக்டர் அட்டையைப் பார்த்தார். "ஏன்யா, மறுபடியும் மூணு நாளா? இதைத்தானே நான் எழுதினேன்."

இதற்கு மேல் என்ன பொறுமை? "அரை மணியில வந்துட்டோம் டாக்டர். முக்கா மணி பெஞ்சுல இருந்தோம். அந்த பெஞ்சை எழுதினீங்களா?"

"அப்ப ஏன் பொய் சொன்னீங்க?"

"உண்மையத்தான் முதல்ல சொன்னேன். உக்காருன்னாங்க."

அவர் பேனாவை எடுத்தார். மூன்று நாளை அடித்துவிட்டு அரை மணி என்று எழுதினார். சரி... அச்சில் ஏறிய மற்ற மூன்று நாள்களை யார் அடிப்பது? கட்டுரையைப் படித்துவிட்டு, "சீக்கிரம் வாருங்கள்" என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டப்போகிறார்களாம். யாருக்கு? நாங்கள்தான் வந்து உட்கார்ந்திருக்கிறோமே. கிராணி கேட்கிற கேள்வியை மாற்ற ஒரு நோட்டீஸ் போதாதா?

திரும்பும்போது ரிக்‌ஷாவில் மரகதம் கேட்டாள். "அடுத்த தடவ என்னா சொல்லுவீங்க?"

உண்மையைத்தான் சொல்வேன் என்று இங்கே எழுதிவிடலாம். பத்தி எழுதுகிறவனுக்கு அதுதான் அழகு. ஆனால் எனக்கு இவள் வேண்டும்.

"மூணு நாளு," என்றேன்.

அவள் திருத்தினாள். "நாலுன்னே சொல்லிடுங்க."