கௌபாய் படத்துக்கு என் தமிழ்

போன ஞாயிறு மதியம் டிவியில் ஒரு பழைய கௌபாய் படம். பெயரைக் கேட்டாலே ஊர் கதவடைக்கும் கொள்ளைக்காரன் ஒருவன். அவனுடைய பழைய கூட்டாளியே இப்போது போலீஸாகி, நட்சத்திர பேட்ஜ் குத்திக்கொண்டு அவனைத் தேடி வருகிறான்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் பிளாட்டில், சோபாவின் ஒரு முனையில் நான்... மறுமுனையில் மனைவி. வழக்கம்போல அவளுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருட வழக்கம். படம், டாக்டர், கவுன்சில் கடிதம் – எல்லாம் அவளுக்கு என் வாய்வழியாகத்தான்.

"இஞ்சேருங்கோ, அவன் எவ்வளவு நேரம் கதைச்சவன். நீங்கள் நாலு சொல்லுத்தான் சொல்லுறியள்?"

"ஊரை விட்டுப் போடா எண்டுறான். அவ்வளவுதான்."

"அதுக்கேன் இந்த நீட்டு?"

உண்மையில் அந்தக் குதிரைக்காரர்களின் ஆங்கிலம் எனக்கே பாதிதான் விளங்கும். மீதி என் சொந்தச் சரக்கு!

கடைசியில் கூட்டாளி அவனைச் சுட்டுவிடுகிறான். சுட்டவன் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுகிறான்.

"ஏன் அழுறான்?"

"செய்தது பிழை எண்டு விளங்கிட்டுது."

"சுட்ட பிறகோ?" என்றாள்.

அவள் கேட்டது படத்தை; எனக்கு ஞாபகம் வந்தது வேறு.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் லண்டன் வந்த புதிதில், பக்கத்து லைப்ரரியில் பெண்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு நடந்தது. அவள் போக ஆசைப்பட்டாள். "நான் இருக்கிறன்தானே, உமக்கேன்?" என்று தடுத்துவிட்டேன். அக்கறையா? இல்லை... எதற்கும் அவள் என்னைத் தேடுவது எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த மாதம் எனக்கு இருதய ஆபரேஷன். நான் மயக்கத்தில் கிடக்கும்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளிடம் ஏதாவது கேட்டால்? அவள் யாரைத் தேடுவாள்?

டிவியை நிறுத்தினேன்.

"அண்டைக்கு உம்மை வகுப்புக்கு விடாதது என்ர பிழை."

அவள் திரும்பவில்லை. "எழுத ஒரு கொப்பியும் வாங்கி வச்சிருந்தனான். நீல மட்டை."

மட்டையின் நிறம்வரை ஞாபகம்! நான் அந்தக் கொப்பியைப் பார்த்ததே இல்லை.

"இப்ப போறீரோ? வியாழக்கிழமையில இப்பவும் நடக்குதாம்."

"இந்த வயசிலயோ?" என்றாள். பிறகு, "போறதெண்டால் நீங்கள் உள்ளுக்கு வரக்கூடாது."

"வரமாட்டன்."

"வாசலில நிண்டு பதில் சொல்லித் தரவும் கூடாது."

"ஓம் ஓம்."

வியாழக்கிழமை, லைப்ரரி வகுப்பின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே டீச்சர் ஏதோ கேட்டார். என் மனைவி எழுந்து நின்று ஏதோ சொன்னாள். வகுப்பே சிரித்தது – அவள்தான் எல்லோரையும்விட உரக்க. என்ன சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை.

நல்லவேளை... கேட்டிருந்தால் திருத்தப் போயிருப்பேன்!