மூன்று கரண்டி சீனியும் நான்கு குளிசையும்

மருந்துக்கடையில் நிற்பவருக்கு ஊரின் வருத்தமெல்லாம் தெரியும், ஒன்றையும் வெளியே சொல்ல முடியாது. அதனால்தான் கெஸ்ட்ரிக் குளிசையை விற்பதைவிட அதிகமாக நாங்களே விழுங்குகிறோம்.

இதே தொழிலில் நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. உயிரியல் படித்து, எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகி, அரசாங்க நியமனம் வரும்வரை என்று கல்முனையில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். இரண்டு வருடமாகிறது. வாப்பா கடலுக்குப் போகிறவர். மகள் டொக்டர் மாதிரி ஒரு வேலை செய்கிறாள் என்று கூட்டாளிகளிடம் சொல்லி வைத்திருக்கிறார். நான் எந்த மருந்தைப் பற்றி அதிகம் கதைக்கவேண்டியிருக்கிறது என்று அவரிடம் சொன்னதில்லை. அது ஆண்மைக் குறைவுக்கான மருந்து. கீழே வருபவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தலையிடி

சேர்ந்த முதல் மாதம், எங்கள் பகுதி ஆண்களுக்கு இவ்வளவு தலையிடியா என்று கவலைப்பட்டேன். வருவார்கள், முதலாளியைத் தேடுவார்கள், கவுண்டரில் என்னைக் காண்பார்கள், இரண்டு கார்ட் பனடோல் கேட்பார்கள். வாங்கிய பிறகும் போகமாட்டார்கள். மெஷினில் ஏறி நிறை பார்ப்பார்கள். பால்மா டின்னின் பின்பக்கத்தை வாசிப்பார்கள்.

ஒருவர் மூன்றாம் தரமும் நிறை பார்த்தார். நிறை மாறவில்லை என்று நானே சொன்னேன். பின்னறையிலிருந்து வந்த முதலாளி அவரை ஒருதரம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். “மகள், நீங்க கொஞ்சம் ஸ்டோருக்குள்ள போங்க. இவருக்குத் தலையிடி கூடிட்டு.”

கண்மருந்து

இந்த மருந்தை யாரும் சொந்த ஊரில் வாங்குவதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அக்கரைப்பற்றுக்குப் போவார்கள். அந்தப் பக்கத்தவர்கள் கல்முனைக்கு வருவார்கள். இரண்டு பக்க பஸ்ஸும் நிரம்பித்தான் ஓடுகிறது.

ஒருநாள் அட்டாளைச்சேனையிலிருந்து வந்த ஒருவர் ஹெல்மட்டைக் கழற்றாமல் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொரு ஹெல்மட் வந்து நின்றது. முன்னவர் திரும்பிப் பார்த்தார். இருவரும் அக்காவையும் தங்கையையும் கட்டியவர்கள்.

“மச்சான், நீ என்ன இஞ்ச?”

“மாமிக்குக் கண் கடிக்குதாம். நீ?”

“நானும் மாமிட கண்ணுக்குத்தான்.”

ஒரே மாமிக்கு இரண்டு போத்தல் கண்மருந்து கொடுத்தனுப்பினேன். அடுத்த நாள் அவர்களில் ஒருவர் தனியாக வந்தார். “தங்கச்சி, மாமிக்குக் கண் சுகம். இதை மாத்தித் தருவீங்களா?”

கேள்விகள்

டொக்டர் மருந்தெழுதிய துண்டு இல்லாமல் நான் இதைக் கொடுப்பதில்லை. துண்டோடு வந்தாலும் கேட்கவேண்டியதைக் கேட்பேன். கேட்கும்போது துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு ஹாஜியாரிடம் நெஞ்சு வருத்தம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை பாவிக்கிறீர்களா என்று கேட்டேன். அது எப்போதாவது என்றார். அதோடு இதைச் சேர்த்தால் பிரஷர் ஒரேயடியாக விழும், உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். டொக்டரிடம் இதை ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

அவர் துண்டை நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். “மகள், நாப்பது வருஷத்தில என்ட மனிசி கூட என்னட்ட இவ்வளவு கேள்வி கேட்டதில்ல.”

உறை

எங்கள் பக்கம் கலியாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பார். வீடு பெண்ணுடையது, அலுமாரி பெண்ணுடையது. ஒரு குளிசையை ஒளித்துவைக்க மாப்பிள்ளைக்கென்று ஒரு மேசை லாச்சிகூடக் கிடையாது.

ஜவாத் மருதமுனைக்காரர், கைத்தறிச் சாரன் வியாபாரி, முப்பத்தைந்து வயதிருக்கும். சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து மாமி வீட்டில் இருந்தார். துண்டில் இரண்டு மருந்து எழுதியிருந்தது. ஒன்று சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு. மற்றது அது, நான்கு குளிசை. உறையில் பிரஷர் குளிசை என்று எழுதித் தரமுடியுமா என்று மெதுவாகக் கேட்டார். உறையில் பொய் எழுதினால் யாராவது அதை நம்பி விழுங்கிவிடுவார்கள் என்றேன். வீட்டில் மனைவியிடம் சொல்லிவிடலாமே என்றும் சொன்னேன். அந்த நேரம் எனக்கு அது இலேசான யோசனையாகத்தான் தெரிந்தது. அவர் இரண்டு உறையையும் ஒரே பையில் சுற்றி, மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் வைத்தார். “உங்களுக்கு இன்னும் கலியாணம் முடியல்லத்தானே?”

இரண்டு உறை

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நேரம், கடையில் ஆள் இல்லை. ஒரு பெண் வந்து அதே பையைக் கவுண்டரில் வைத்தாள். ஜவாத்தின் மனைவி நுஸ்ரத். மழைக்கோட்டைத் தேடி சீற்றைத் திறந்திருக்கிறாள். உறையில் எங்கள் கடைப் பெயர் இருந்தது.

“இது என்னத்துக்குள்ள குளிசை, ராத்தா?”

யார் வாங்கினார் என்று சொல்லக்கூடாது. குளிசை எதற்கு என்று கேட்டால் சொல்லலாம். சொன்னேன். அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நாலில ஒண்டு குறையுது. நாலு மாசமா எனக்குப் பக்கத்தில சுவரைப் பார்த்துப் படுக்கிறாரு. அப்ப அந்த ஒண்டு எவளுக்கு?”

அந்த உறையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான் இருந்தது.

“காக்காமார் ஞாயிற்றுக்கிழமை காழியார்ட்ட போய் விவாகரத்துக்கு எழுதிக் குடுக்கிறதெண்டு நிக்கிறாங்க. நான்தான் சாட்சி இல்லாமப் போக வேணாமெண்டன். இப்ப சாட்சியும் இரிக்கி.”

அவளுடைய அண்ணன்மார் குறித்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மற்ற உறையைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. நான் அதை விரலால் அவள் பக்கம் தள்ளினேன். இது சீனி வருத்தத்துக்கு என்றேன். சீனி கூடினால் ஆண்களுக்கு இப்படி வரும், மனம் பயந்தால் குளிசை எடுத்தும் சரிவராமல் போகும், இது பொதுவாகச் சொல்வது என்றேன். பொதுவாக என்ற சொல்லை மூன்று தரம் சொன்னேன்.

அவள் அந்த உறையை நெடுநேரம் வாசித்தாள். அதில் வாசிக்க இரண்டு வரிதான் இருந்தது. “கோவத்தில இரிக்காரு எண்டு நினைச்சி, நாலு மாசமா தேத்தண்ணிக்கு மூணு கரண்டி சீனி போட்டுக் குடுக்கிறன்.”

திங்கட்கிழமை

இரண்டு நாளும் கடை வாசலில் மோட்டார் சைக்கிள் நின்ற ஒவ்வொரு தரமும் எட்டிப் பார்த்தேன். ஒருவரின் இரகசியத்தைப் பொதுவாகச் சொல்லிக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று ஒரு பக்கம். சொன்னது போதாதோ என்று மறு பக்கம். முதலாளியிடம் சொன்னேன். ஜவாத் சண்டைக்கு வந்தால் தன்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டு ஸ்டோருக்குள் போனார்.

திங்கள் காலை இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ஜவாத் என் முகத்தைப் பார்க்கவில்லை. சொன்னது நான்தான், மன்னிக்கவேண்டும் என்றேன். அவர் பால்மா டின்களைப் பார்த்தபடி, “ஓம்” என்று மட்டும் சொன்னார். அது மன்னிப்பா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நுஸ்ரத் புதுத் துண்டை நீட்டினாள். முந்தின நாள் காழியாரிடம் போகவில்லை. டொக்டரிடம் இருவருமாகப் போயிருக்கிறார்கள். சீனி இறங்கவேண்டுமாம், கொஞ்சக் காலம் எடுக்குமாம், சுகமாகும் என்று டொக்டர் உறுதியாகவும் சொல்லவில்லையாம். வரிசையில் மூன்று ஆண்கள் நின்றார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முதல், எது பிறகு என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டு மனனம் செய்தாள்.

சுகமாகாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவளே பையைச் சுருட்டிக்கொண்டு சொன்னாள்: “மூணு மாசமோ ஆறு மாசமோ, காழிட வாசல்ல நிக்கிறதவிட இஞ்ச வந்து நிக்கலாம், ராத்தா.”

ஆக, எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் தன் வருத்தத்தை அடுத்த ஊர் டொக்டரிடமும், முதலாளியிடமும், முன்பின் தெரியாத என்னிடமும் சொல்லிவிடுகிறான். ஒரே கட்டிலில் படுப்பவளுக்கு மட்டும் மோட்டார் சைக்கிள் சீற்றைத் திறந்தால்தான் செய்தி கிடைக்கிறது.