பூமழைக்கு ஒரு பெட்டிசன்

எங்கள் கம்பனியிடம் இருப்பது ஒரே ஒரு ஹெலிகொப்டர். அதை வாடகைக்கு விடத் தேவையான பத்திரங்கள் ஓர் அலுமாரி நிறைய இருக்கின்றன. அந்த அலுமாரிதான் என் வேலை. பறப்பதற்கு விமானி, சிரிப்பதற்கு முதலாளி, பத்திரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர்த் தோட்டத்தில் பிறந்த நான்.

போட்டிக்கு ஒருவர் இருந்தார். சொந்தப் பாவனைக்கென்று ஹெலிகொப்டர் வாங்கியவர். வாடகைக்கு ஓட்ட அவருக்கு அனுமதி கிடையாது. ஆனாலும் ஓட்டினார், எங்கள் விலையில் பாதிக்கு. யாராவது கேட்டால் நாங்கள் அவருடைய நண்பர்கள், ஓசியில் வந்தோம் என்று சொல்லும்படி பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார். கித்துல்கல ஆற்றில் படகு விட வருகிற பணக்காரர்கள் எல்லோரும் அவருக்கு உயிர்நண்பர்கள். காப்புறுதி, பரிசோதனை என்று நாங்கள் அழுதுகொண்டிருக்க, மனிதர் நட்பை வளர்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

போன வருடம் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கலசத்தில் நீர் ஊற்றும் நேரம் வானத்திலிருந்து பூத் தூவ வேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவெடுத்தது. கமிட்டித் தலைவர் என் தாய்மாமா. முதலில் என்னிடம்தான் விலை கேட்டார். சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போனை வைத்தவர், நேரே அந்த நண்பர்கள் சங்கத்துக்காரரிடம் போய்விட்டார். அவரும் சம்மதித்து, வழக்கமான நிபந்தனையைப் போட்டார்: காசு வாங்கியதை வெளியில் சொல்லக்கூடாது.

பாவம், தோட்டத்துக் கோயில் அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யார் என்ன கொடுத்தாலும் உபயம் என்று நோட்டீசில் பெயர் போட்டாக வேண்டும். வாழைத்தார் கொடுத்தவருக்கே கொட்டை எழுத்து என்றால், ஹெலிகொப்டருக்குக் காசு கொடுத்த பஜார்க் கடை முதலாளியை விட்டுவிட முடியுமா? வட்ஸ்அப்பில் வந்த நோட்டீசில், நாதஸ்வரத்துக்கும் அன்னதானத்துக்கும் நடுவில், ‘ஹெலிகொப்டர் வாடகை உபயம்’ என்று அவர் பெயர் கடை முகவரியோடு இருந்தது.

சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு வருடமாக இப்படி ஓர் ஆதாரத்துக்காகத் தவம் கிடந்தவன் நான். எங்கள் முதலாளியைக்கூடக் கேட்கவில்லை. விமானங்களை மேற்பார்வை செய்யும் அலுவலகத்துக்கு, நோட்டீசை இணைத்து ஒரு பெட்டிசன் அனுப்பினேன்.

அந்த அலுவலகத்து அதிகாரி ஒருவர் மாமாவைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் விசாரித்திருக்கிறார். கோயில் காசில் ஒளிவுமறைவு என்று பேர் வந்துவிடக்கூடாதே என்ற பயம் மாமாவுக்கு. காசு கொடுத்தது உண்மைதான் மாத்தயா, ரசீதையும் அனுப்பட்டுமா என்று கேட்டு, அனுப்பியும்விட்டார். நண்பர்கள் சங்கத்துக்காரர் அன்று மாலையே கழன்றுகொண்டார். கும்பாபிஷேகத்துக்கு இன்னும் மூன்றே நாள்.

மாமா உடனே என்னை அழைத்தார். பூவுக்குச் சொல்லியாயிற்று, லயத்து வீடுகளில் இருக்கிற சனம் சொந்தக்காரர்களையெல்லாம் வரச்சொல்லியாயிற்று. உங்கள் ஹெலிகொப்டர் வருமா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பறக்கும்போது எதையாவது கீழே போடவும், கூட்டத்துக்கு மேலே தாழப் பறக்கவும் தனி அனுமதி வேண்டும். அதற்கு இரண்டு வாரமாவது ஆகும். விலை கேட்ட அன்றே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற திமிரில் சொல்லவில்லை. மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பெட்டிசன் போட்டது நான்தான் என்பது உட்பட.

மாமா ஒரு வழி சொன்னார்:

"சரி. பூ வந்துரும். நீயே வந்து தூவு."

கோபுரத்துக்குக் கட்டியிருந்த சாரம் இரண்டு மாடி உயரம். விமானக் கம்பனியில் சம்பளம் வாங்குகிற எனக்கு, கதிரையில் ஏறி நின்றாலே கால் நடுங்கும். எங்கள் ஹெலிகொப்டரில்கூட இன்றுவரை ஏறியதில்லை. குருக்களுக்குப் பின்னால், பூக்கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினேன். கலசத்தில் நீர் விழுந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அள்ளி வீசினேன். பெரும்பகுதி குருக்கள் தலையிலேயே விழுந்தது. கீழே அரோகரா எழுந்தது. கண்ணைத் திறந்தால், பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. றப்பர் மரங்களுக்கு மேலே, ஹெலிகொப்டர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

இறங்கி வந்ததும் மாமா விபூதி பூசிவிட்டார். திட்டட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"அந்தாளு செஞ்சது தப்புதான் மாப்ள. நீ நிப்பாட்டினதும் சரிதான்," என்றார். "ஆனா இந்த மாதிரி பர்மிட் வேணும்னு மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வெல கூடன்னாலும் ஒங்ககிட்டயே வந்திருப்போமே. நீ அவர எறக்கத்தான் பாத்த. நம்ம கோயில நெனக்கல."

மறுநாள் அலுவலகம் போய் அந்த அனுமதிப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். என் மேசை லாச்சியிலேயே இருந்தது. ஒரே ஒரு பக்கம்தான்.