திராட்சை சிப்பப்

பன்னிரண்டு வயது ஜெனிலாவைத் தேங்காய்ப்பட்டணத்தில் எல்லோரும் விரலளவு மீனான நெத்தோலியின் பெயரில்தான் கூப்பிட்டார்கள். பஸ் கண்டக்டர் அவளுக்கு டிக்கெட் கிழித்ததே இல்லை. அவருடைய தோள்பையே அவளைவிட உயரம்.

"ஏட்டி நெத்தோலி, காத்தடிச்சா எதையாவது பிடிச்சுக்கோ. இல்லன்னா லட்சத்தீவுலதான் போய் எறங்குவ!"

கேலி செய்தவர்களைவிடச் சத்தமாக அவளே சிரிப்பாள்.

2011-இல் நாகர்கோவில் டாக்டர், உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்றார். தினமும் ஊசி. எலும்பு வளர்வது நிற்பதற்குள் போட்டால்தான் பலன். அதற்கு இரண்டு மூன்று வருஷம்தான் இருந்தது. மருந்து பிரிட்ஜில் இருக்க வேண்டும், ஆனால் உறையவே கூடாது. அப்பா ததேயுஸ் தன் மீன்பிடி வள்ளத்தின் இன்ஜினை விற்று மருந்து வாங்கினார். பிரிட்ஜ் இருந்ததோ பக்கத்து வீட்டில், சித்தி ரீத்தாவிடம்.

ரீத்தா அதில் சிப்பப் என்கிற பாக்கெட் ஐஸ் போட்டு விற்றாள். அவளுடைய பிரிட்ஜைத் திறந்தால் வெளியே வரும் குளிருக்கும் காசு கேட்பாள் என்பது ஊர்ப்பேச்சு. அப்படிப்பட்டவள், சாயங்காலம் மருந்து வாங்க வரும் ஜெனிலாவுக்கு மட்டும் ஒரு திராட்சை சிப்பப்பைச் சும்மா கொடுப்பாள்.

"தின்னு மக்கா. தென்னை கணக்கா வளரணும் நீ."

சித்தியைப் போல ஏழு கடலிலும் ஆள் கிடையாது என்று ஜெனிலா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

ஆறு மாதம் கழித்து டாக்டர் அளந்தார். உயரத்தில் அசைவே இல்லை.

"மருந்து உறைஞ்சுதா? உறைஞ்சா பிறகு உருகினாலும் வேலை செய்யாது."

"ஐயோ சாரே, ரீத்தா அத நற்கருணை அப்பம் கணக்கால்லா பாத்துக்கிடுகா!" என்றார் ததேயுஸ்.

ஜெனிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து டப்பாவின் ஓரத்தில் எப்போதும் ஒரு ஊதாக் கறை இருக்குமே.

ஊர் திரும்பியதும் நேராகச் சித்தி வீட்டுக்குப் போய், ஸ்டூலில் ஏறி, பிரிட்ஜின் மேலே இருந்த ஃப்ரீசர் கதவைத் திறந்தாள். சிப்பப் குவியலுக்கு அடியில் அவளுடைய மருந்து, கல்லாக.

"ஐஸ் பிடிக்கப்பிடாதுன்னு அப்பா சொல்லலியா சித்தி?"

"சொன்னாரு மக்கா... கீழ்த்தட்டுல பாலு வைக்க இடம் வேணும்லா. மத்தியானமே எடுத்து உருக்கிட்டுத்தானே தந்தேன்."

ரீத்தா அவசரமாக ஒரு சிப்பப்பை உருவி நீட்டினாள். இத்தனை நாள் தான் தின்றது பாசம் இல்லை, பரிகாரம் என்று ஜெனிலாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"நெத்தோலிக்கு ஐஸ் போட்டது போதும் சித்தி."

வாசலில் ததேயுஸ் காத்து நின்றார். ஜெனிலா உறைந்த டப்பாவை அவர் உள்ளங்கையில் வைத்தாள். சிறு வயது முதல் ஐஸில் மீன் அள்ளிய கை, சுட்டது போல வெடுக்கென்று விலகியது.